வாய்வரை வந்த தண்ணீர்

2019இல் ரமலான் நோன்பு மே மாதத்தில் வந்தது. மே மாதத்துச் சேலம் எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் மலை, நடுவில் வாணலி போல ஊர். காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று முதுகில் ஏறும். அப்படியொரு நாள் ளுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு ஊருக்குள் ஒரு பள்ளிவாசலில் ஹவுள் என்ற தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் லீ பஜாரில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தொழுகைக்கு முன் உடம்பைக் கழுவும் ஒளுவைச் செய்யத் தொடங்கினார். கையைக் கழுவியதும் வாய் கொப்பளிக்க வேண்டும், மூன்று தடவை. உள்ளங்கையில் அள்ளிய தண்ணீர் வாய்க்குள் போயிற்று. கன்னம் உப்பியது. ஒரு நொடி கண்ணை மூடி அப்படியே இருந்தார். பிறகு துப்பிவிட்டார். மறுபடி அள்ளினார், மறுபடி துப்பினார்.

அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பாங்கு சொல்லும் மோதினாருக்கோ வீட்டில் இருக்கும் அவர் மனைவிக்கோ தெரிந்திருக்காது. துப்பியதும் அவர் அடுத்த வேலையாக மூக்குக்குத் தண்ணீர் எடுத்தார், அவ்வளவுதான். நோன்பு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் பல வருடங்களாகச் சொல்லிவந்த பதில் அரைகுறையானது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

என் பதில், எல்லோரும் சொல்வதுதான்: ஏழையின் பசியைப் பணக்காரன் உணர வேண்டும் என்பதற்காக நோன்பு. நோன்பு திறக்கும் இஃப்தார் நிகழ்ச்சிக்கு வரும் தலைவர்கள் குல்லா போட்டுக்கொண்டு மேடையில் சொல்வதும் இதுவே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் யாருடைய பசியை உணர்வதற்காக நோன்பு பிடித்தார்? பசியை அறிய ஒருத்தருக்கும் ரமலான் தேவைப்படாத வீடுகள் கிச்சிப்பாளையத்தில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கும் நோன்பு கடமைதான். பசியின் பாடம்தான் நோக்கம் என்றால் ஏழைக்கு விலக்குக் கொடுத்திருக்க வேண்டும். விலக்கு நோயாளிக்கு உண்டு, பயணிக்கு உண்டு. வறுமைக்கு இல்லை.

இன்னொரு பதில் உடம்பைப் பற்றியது. வயிற்றுக்கு ஓய்வு, கொழுப்பு கரையும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் ரமலானுக்கு ரமலான் சுற்றும். சாயங்காலம் வடை, சமோசா, ரோஸ் மில்க், இரவுத் தொழுகை முடிந்து வந்து பரோட்டா என்று நாம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு எந்தக் கொழுப்பு கரையும் என்று எனக்குத் தெரியவில்லை. உடம்புக்கு ஏதாவது நன்மை கிடைத்தால் கிடைக்கட்டும், மகிழ்ச்சி. கடமையின் காரணமாக அதை வேதம் சொல்லவில்லை.

வேதம் சொல்லும் காரணம் ஒரே வரி. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், மதீனாவில் ரமலான் நோன்பு கடமையானது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 183ஆம் வசனத்தின் கருத்து இது: நம்பிக்கை கொண்டோரே, உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டது போலவே உங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் தக்வா உடையவர்களாக ஆகும்பொருட்டு. பசி, ஏழை, உடல்நலம் எதுவும் அந்த வரியில் இல்லை. இருப்பது தக்வா என்ற சொல் ஒன்றுதான்.

தமிழில் அதை இறையச்சம் என்கிறோம், பயபக்தி என்கிறோம். இரண்டும் முழுதாகப் பொருந்தவில்லை. காத்துக்கொள்ளுதல் என்ற பொருள் தரும் அரபு வேரிலிருந்து வந்த சொல் அது. நபித்தோழர் உமர் இன்னொரு தோழரான உபை இப்னு கஅபிடம் தக்வா என்றால் என்ன என்று கேட்டதாக ஒரு பழைய உரையாடல் குர்ஆன் உரைகளான தஃப்ஸீர் நூல்களில் வருகிறது. முள் நிறைந்த பாதையில் நீங்கள் நடந்ததில்லையா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். நடந்திருக்கிறேன். அப்போது என்ன செய்தீர்கள்? ஆடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். அதுதான் தக்வா என்றார் உபை. சேர்வராயன் மலைச்சரிவில் உண்ணிச்செடிப் புதருக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தவருக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை. நிற்காமல் நடக்க வேண்டும், கவனமும் பிசகக் கூடாது. அந்த நடையில் இருப்பது நடுக்கமல்ல, விழிப்பு.

பட்டினி இந்த விழிப்பை எப்படித் தரும்? அதற்குத்தான் ஹவுள் ஓரத்துத் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஹராம், அதாவது விலக்கப்பட்டது, இல்லை. திருடியது இல்லை. ரமலானுக்கு முன்னால் நண்பகலில் குடித்திருந்தால் குற்றமில்லை, இன்று மஃரிபுக்கு, அதாவது சூரியன் மறைவுக்கு, பின் குடித்தாலும் குற்றமில்லை. தனக்கு முழு உரிமையுள்ள ஒன்றை, யாரும் பார்க்காத இடத்தில், ஒருவன் பார்க்கிறான் என்ற ஒரே எண்ணத்தால் கை விடுவது. அதை 29 அல்லது 30 நாள் தொடர்ந்து செய்தவனுக்கு, உரிமையில்லாத ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வரும்போது மனத்தில் ஏதோ ஒன்று இடற வேண்டும். கணக்கு அப்படித்தான். எல்லோருக்கும் அந்தக் கணக்கு நேராக வந்துவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

மற்றக் கடமைகளைப் பாருங்கள். தொழுகைக்கு வரிசை உண்டு, பக்கத்தில் தோளோடு தோள் நிற்பவர் இருக்கிறார். கடமையான தருமமாகிய ஜகாத் கொடுத்தால் வாங்கியவருக்காவது தெரியும். ஹஜ்ஜுக்குப் போகிறவரை மாலை போட்டு சேலம் ஜங்ஷன் வரை வந்து வழியனுப்புகிறோம். நோன்புக்கு உருவமே இல்லை. அது ஒன்றைச் செய்யாமல் இருப்பது. செய்யாமல் இருப்பதை யாரும் பார்க்க முடியாது. ஆதமுடைய மகனின் செயல்கள் எல்லாம் அவனுக்குரியவை, நோன்பைத் தவிர. அது எனக்குரியது, நானே அதற்குக் கூலி தருவேன் என்று அல்லாஹ் சொல்வதாக நபிகள் நாயகம் அறிவித்த செய்தி நபிமொழித் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஏன் நோன்பு மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டது என்று அறிஞர்கள் பல விளக்கம் தந்திருக்கிறார்கள். பிறர் பார்க்கச் செய்வதற்கு இதில் வழியில்லை என்பது அவற்றில் ஒன்று. எனக்கு மனத்தில் நிற்பதும் அதுதான்.

இங்கே நம்முடைய சொல்லைப் பற்றி ஒரு பேச்சு. சேலத்தில் தக்னி உருது பேசும் குடும்பங்களில் ரோஜா என்பார்கள், அது பாரசீகத்திலிருந்து வந்தது. தமிழ் பேசும் நாங்கள் அரபு ஸவ்மையும் எடுக்கவில்லை, ரோஜாவையும் எடுக்கவில்லை. நோன்பு என்றோம். நோன்பு பிடிக்கிறோம், நோன்பு திறக்கிறோம். பாவை நோன்புக்கும் காரடையான் நோன்புக்கும் இருக்கிற அதே சொல். அதன் வேரான நோல் என்பதற்குப் பொறுத்தல், தாங்குதல் என்று பொருள். இந்தச் சொல்லுக்குள் சாப்பாடு இல்லை. ஸவ்முக்குள்ளும் சாப்பாடு இல்லை. விலகி நிற்றல், தடுத்துக்கொள்ளுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் ஈசா நபியை (இயேசுவை) பெற்றெடுத்த மர்யம், அருளாளனான ரஹ்மானுக்காக நோன்பு நேர்ந்திருக்கிறேன், இன்று எந்த மனிதரோடும் பேசமாட்டேன் என்று சொல்லும்படி பணிக்கப்படுகிறார். அங்கே ஸவ்ம் என்பது மௌனம். அதற்குச் சற்று முன்னால்தான் அவரிடம் பேரீச்சம்பழத்தை உண்ணும்படியும் ஓடையில் பருகும்படியும் சொல்லப்படுகிறது. சாப்பிட்டுவிட்டு நோன்பிருந்தவர் அவர்!

அதனால்தான் நாக்கைப் பற்றிய எச்சரிக்கை நோன்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பொய்ப் பேச்சையும் பொய்யான நடத்தையையும் விடாதவன் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்பது புகாரியில் உள்ள நபிமொழி. யாராவது ஏசினால், சண்டைக்கு வந்தால், நான் நோன்பாளி என்று சொல்லிவிடு என்பது இன்னொன்று. தமிழ் படித்தவருக்கு இது புதிதாக இருக்காது. உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின் என்று வள்ளுவர் 160ஆம் குறளில் இரண்டு நோன்பையும் தராசில் வைத்து, எந்தத் தட்டு தாழ்கிறது என்று சொல்லிவிட்டார். புதிய பேருந்து நிலையத்தில் மே மாதம் மாலை நான்கு மணிக்கு ஆட்டோக்காரரோடு வாடகை பேசுகிற நோன்பாளிக்கு வயிற்றை அடக்குவது சுலபம், மற்றது கஷ்டம் என்று நன்றாகவே தெரியும்.

இரண்டாம் அத்தியாயத்தில் நோன்பைப் பற்றிய வசனங்கள் 183இல் தொடங்கி 187இல் முடிகின்றன. அந்த வரிசையை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். நோயாளி, பயணி, ஈடாக ஏழைக்கு உணவு என்று சட்டம் போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் 186ஆம் வசனம் சம்பந்தமில்லாதது போல வருகிறது. என் அடியார்கள் என்னைப் பற்றி உம்மிடம் கேட்டால், நான் அருகிலேயே இருக்கிறேன், அழைப்பவனின் அழைப்புக்குப் பதில் தருகிறேன் என்கிறது. குர்ஆனில் மற்ற இடங்களில் அவர்கள் உம்மிடம் கேட்கிறார்கள் என்று வந்தால், நபியே நீர் சொல்வீராக என்றுதான் பதில் பெரும்பாலும் தொடங்கும். இங்கே அந்தச் சொல்வீராக இல்லை. நடுவில் ஆள் வைக்காமல் பதில் நேரே வருகிறது. நோன்பின் சட்டங்களுக்கு நடுவே இந்த வசனம் அமர்ந்திருப்பதை உரையாசிரியர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரைத் துப்பிய அந்த நொடியில் அருகில் இருந்தது யார் என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அடுத்த 187இல் ஒரு நூல் வருகிறது. வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்கிறது வசனம். அதீ இப்னு ஹாதிம் என்ற தோழர் இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, ஒரு கறுப்புக் கயிற்றையும் வெள்ளைக் கயிற்றையும் தலையணைக்கு அடியில் வைத்து இரவில் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நபிகளிடம் போனபோது, அது இரவின் கறுப்பும் பகலின் வெண்மையும் என்று விளக்கினார்கள். அம்மாப்பேட்டையில் விடிவதற்கு முன் தறியில் உட்காரும் எந்த நெசவாளியைக் கேட்டாலும் இருட்டில் நூல் நிறம் பிரியாது என்று அவரிடம் சொல்லியிருப்பார்.

188ஆம் வசனம் நோன்பைப் பற்றியதல்ல என்று நினைத்து பலர் 187இல் நிறுத்திவிடுவார்கள். அது என்ன சொல்கிறது தெரியுமா? உங்களுக்குள் ஒருவர் பொருளை மற்றவர் முறையின்றி உண்ணாதீர்கள், பிறர் பொருளை அபகரிப்பதற்காக அதிகாரிகளிடம் கொண்டுபோகாதீர்கள். முந்தைய வசனத்தில் சொந்தச் சோற்றைப் பகலில் உண்ணாதே என்றவன், அடுத்ததில் அடுத்தவன் சோற்றை எப்போதுமே உண்ணாதே என்கிறான். இரண்டிலும் உண்ணுதல் என்ற அதே சொல். முன்னது ஒரு மாதத்துக்கு, மாலை வரை. பின்னதற்கு மஃரிபே கிடையாது. தராசில் விரல் வைக்கிறவரும் கூலியை இழுத்தடிக்கிறவரும் முப்பது நோன்பையும் விடாமல் பிடித்ததாகப் பெருமை பேசும்போது எனக்கு இந்த 188தான் நினைவுக்கு வரும்.

இவ்வளவும் சொன்னதால் நோன்பு உடம்பை வதைக்கும் தவம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வதை வேண்டாம் என்பதற்குச் சட்டத்திலேயே நிறைய அடையாளம் இருக்கிறது. விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவைச் சாப்பிடுங்கள், அதில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது என்றார்கள் நபிகள். அதைப் பிந்திச் சாப்பிடுவதும் சூரியன் மறைந்ததும் தாமதிக்காமல் நோன்பு திறப்பதும் சிறப்பு. இரவும் திறக்காமல் இரண்டு மூன்று நாள் சேர்த்துப் பிடிப்பதை நபிகள் தடுத்துவிட்டார்கள். மறதியாகச் சாப்பிட்டுவிட்டால் நோன்பு முறியாது, அல்லாஹ்தான் அவனுக்கு உண்ணவும் பருகவும் கொடுத்தான் என்பது நபிமொழி. சின்ன வயதில் இந்த ஒரு சட்டத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொல்லி மாளாது. வேண்டுமென்று மறக்க முடியாது என்பதுதான் அதில் சிக்கல். வயிறு நிரம்பியும் நோன்பு நிற்கிறதென்றால், நோன்பு வயிற்றில் இல்லை, நிய்யத் என்ற மனத்தின் எண்ணத்தில் இருக்கிறது. அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்ற வரி 185இல் இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு பிடிக்கக் கூடாது, விட்டதைப் பிறகு வேறு நாளில் பிடித்து கழா செய்ய வேண்டும். இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் நம் வீடுகளில் பெண்கள் அந்த நாட்களில் அடுப்படி மூலையில் ஒளிந்து தண்ணீர் குடிக்கிறார்கள். அது மார்க்கம் விதித்த கூச்சமல்ல, ஆண்களான நாம் விதித்தது.

சிரமம் முழுவதையும் ஒரே தலைமுறை சுமக்காதபடி காலமும் சுழல்கிறது. பிறைக் கணக்கில் வருடத்துக்கு 354 அல்லது 355 நாள். அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்ந்து, 33 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கும். 2019 மே மாதத்தில் வெயிலைப் பற்றி நான் முனகியபோது அத்தா சிரித்தார். 1986இலும் இதே மே மாதம்தான், அப்போது வீட்டில் மின்விசிறி கிடையாது என்றார். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் வரும். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற குளிர்காலம் அது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் நோன்பின் நீளம் பெரிதாக மாறாது. குளிர்காலத்தில் 13 மணி நேரத்தை ஒட்டி இருக்கும், கோடையில் 14ஐத் தொடும். மாறுவது தாகம்தான். ரமலான் என்ற பெயரே சுட்டெரிக்கும் வெப்பத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது என்பார்கள்.

இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) நோன்பாளிகளை மூன்று படியாகப் பிரித்தார். முதல் படியில் வயிறும் இச்சையும் அடங்கும். இரண்டாவதில் கண், காது, நாக்கு, கை, கால் எல்லாம் நோன்பு பிடிக்கும். மூன்றாவதில் மனமே மற்ற நினைவுகளிலிருந்து விலகி நோன்பிருக்கும். நான் முதல் படியில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதை அண்ணாந்து பார்க்கிறவன், மூன்றாவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர் இன்னொன்றும் சொல்கிறார், அது எனக்கு நேரடியாகப் படுகிறது. பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்துச் சாப்பிட்டால் இச்சை அடங்குவது எப்படி, அது இன்னும் வெறிகொள்ளத்தானே செய்யும் என்பது அவர் கேள்வி. ஒன்பது நூற்றாண்டுக்கு முன்பே அவர் நம்முடைய இஃப்தார் பஃபேயைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

பார்க்காமல் போன ஒன்றும் உண்டு, நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, வசதிப்பட்டால் கொத்துக்கறி, இறக்கும்போது தேங்காய்ப்பால். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டும். அந்த வரிசையில் யார் என்ன மதம் என்று கேட்கும் வழக்கம் இல்லை. நோன்பு பிடித்தவரா என்றும் கேட்பதில்லை. தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்காகப் பச்சரிசி தருகிறது. 2020இல் ஊரடங்கால் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தபோது அந்த அரிசி கஞ்சியாகாமல் அரிசியாகவே வீடுகளுக்குப் போயிற்று. மேலே ஏழையின் பசி என்ற பதிலைக் கொஞ்சம் கடுமையாகவே தள்ளிவிட்டேன். நியாயமாகச் சொன்னால் அது இங்கே, இந்த வாளி வரிசையில், பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. தக்வா காரணம், கஞ்சி அதன் காய்ப்பு. நோன்பு முடிந்து பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா என்ற தருமத்தைக் கொடுக்காமல் இருக்க முடியாது என்று சட்டம் வைத்திருப்பதும் இந்தக் காய்ப்புக்காகத்தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நோன்பு எதற்கு என்று என்னை வருடக்கணக்காகக் கேட்டுவந்த நண்பன் ஒருவன் உண்டு, கோரிமேட்டில் வீடு. ஒரு ரமலானில் வேலையாக இருவரும் அவன் காரில் ஏற்காடு போய்விட்டுத் திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவையும் நோன்பு திறக்கும் நேரத்தில் இறங்க வேண்டாம் என்று லேடீஸ் சீட் பக்கம் வண்டியை நிறுத்தினோம். கீழே சேலம் விளக்கேற்றத் தொடங்கியிருந்தது. அவன் எனக்காகத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்தான். ஃபிளாஸ்க்கிலிருந்து தனக்கு டீ ஊற்றிக்கொண்டான். சேலத்து நேரத்துக்கு வைத்திருந்த என் கைப்பேசியில் பாங்கு ஒலித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அடிவானம் மேலே இருப்பவருக்குத் தாழ்ந்து தெரியும், மறைவு மூன்று நான்கு நிமிடம் தள்ளிப்போகும். இது புதுப் பிரச்சினை இல்லை. அலெக்சாண்டிரியா கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று சூரியனைப் பார்ப்பவர் நோன்பு திறக்கலாமா என்று ஹனஃபி பிரிவின் பழைய சட்ட நூல்களிலேயே கேள்வி இருக்கிறது. ஊர்க்காரர்கள் திறக்கலாம், அவர் கூடாது என்பது பதில். 2011இல் துபாயில் புர்ஜ் கலீஃபாவின் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்பவர்கள் இரண்டு நிமிடமும் 150க்கு மேல் மூன்று நிமிடமும் பொறுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

வீட்டிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். "என்னண்ணே, திறந்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா. இங்க சூரியன் தெரியுது."

நண்பன் என்னையும் பேரீச்சம்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "பாங்குதான் சொல்லியாச்சே. இங்க யாருடா பாக்கப் போறா? சாப்பிடு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு பேசவில்லை. விளிம்பு ஒரு கோடாகி, புள்ளியாகி, போயிற்று. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் போட்டேன். அவன் டம்ளரை அப்போதுதான் உதட்டுக்குக் கொண்டுபோனான். டீ ஆறிப்போயிருந்தது என்றான்.